லோடுக்கு 4,000 ரூபாய் கூடுதல்: ஒரு மாங்காய் சீசனின் கணக்கு

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காவேரிப்பட்டணத்து அண்ணன் ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பையில் 19 பில்ட்டி (லாரியில் ஏற்றும் சரக்குக்குப் போடும் ரசீது) நகல்கள், ஒரு பாஸ்புக், வங்கி திருப்பி அனுப்பிய ஒரு செக். அவருக்குப் பத்துச் சக்கர லாரி மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மாதம் 38,000 ரூபாய் தவணை. அதில் இரண்டு மாதம் நின்றுபோயிருந்தது.

"புரோக்கர் போனை எடுக்க மாட்டேங்கறான் தம்பி. ஆபீஸ் பூட்டியிருக்கு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. தண்ணீர் கொடுத்ததைக் குடித்துவிட்டு பையை என் மேஜையில் கொட்டினார்.

நான் கிருஷ்ணகிரியில் லாரிக்காரர்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். அண்ணனுக்கு ஆறு வருடமாக எழுதுகிறேன். அந்தப் பில்ட்டிகளில் பாதி ஏற்கெனவே என் கைக்கு வந்து போனவை. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேனே தவிர, மேலே அச்சடித்திருந்ததை ஒரு தடவையும் படிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை எழுத அண்ணன் ஒப்புக்கொண்டார். தன் பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் புரோக்கரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, வழக்கு நடக்கிறது.

சீசன் எப்படி ஆரம்பித்தது

மே மாதம் பிறந்தால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளுக்கு லாரி போதாது. பெங்களூரா மாங்காய் தோட்டத்திலிருந்து ஆலைக்கு வரும், கூழ் டிரம்மில் அடைத்து வெளியே போகும். டிரம்முக்கு 215 கிலோ. பத்துச் சக்கர வண்டியில் 80 டிரம் ஏற்றினால் கூழ் மட்டும் 17 டன் தாண்டும். ஏற்றுமதிச் சரக்கு சென்னைத் துறைமுகத்துக்குப் போகும், உள்நாட்டுச் சரக்கு குளிர்பான ஆலைகளுக்கு வடக்கே போகும். அண்ணனுடைய வண்டிகள் ஓடியது புனேவுக்கு. ஓசூர், பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாக ஏறக்குறைய 930 கிலோமீட்டர்.

அந்த வருடம் புனே வாடகை 48,000 ரூபாய் என்று, லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் எல்லா புக்கிங் ஆபீசிலும் சொன்னார்கள். பெங்களூர் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு ஆபீஸ் மட்டும் 52,000 கொடுத்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் பில்ட்டி. ஆபீசில் இருந்த புரோக்கர் நன்றாகப் பேசக்கூடியவர். "ணா, நமக்கு பெரிய கம்பெனி லோடு நேரா வருது. நடுவுல யாரும் கிடையாது. அதான் ரேட்டு" என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்.

முதல் ஆறு நடைக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்தார், மீதி 12,000 ஒரு வாரத்தில் வந்தது. அடுத்த ஐந்து நடைக்கு அட்வான்ஸ் 32,000 ஆனது, பேலன்ஸ் 15 நாள் என்றார். அதில் மூன்றுக்குப் பணம் வந்தது, இரண்டுக்கு வரவில்லை. கடைசி எட்டு நடைக்கு அட்வான்ஸ் 22,000 மட்டும். "கம்பெனியில மாசக் கடைசியில பாஸ் ஆகும்ணா, மொத்தமா போட்டுடறேன்." அந்த எட்டில் ஒன்றுக்குக்கூட பேலன்ஸ் வரவில்லை.

கூட்டிப் பார்த்தால் 2,80,000 ரூபாய். இதில் புனேயில் வண்டி மூன்று நாள் இறக்காமல் நின்றதற்கான ஹால்டிங் சேரவில்லை. அதை யாரும் எழுதி வாங்கவில்லை.

அந்த 22,000 அட்வான்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அண்ணனின் செலவு நோட்டுப்படி ஒரு புனே நடைக்கு டீசல் 21,000, டோல் 6,000, டிரைவர் படி 5,000, வழிச்செலவு 2,000. ஆக 34,000. டிரைவர்கள் விவரமானவர்கள். அப்போது கர்நாடகத்தில் டீசல் லிட்டருக்கு ஆறேழு ரூபாய் குறைவு, அதனால் அத்திப்பள்ளி தாண்டித்தான் டேங்க் நிரப்புவார்கள். அப்படியும் 34,000. ஆக கடைசி எட்டு நடையில் ஒவ்வொன்றுக்கும் அண்ணன் கையிலிருந்து 12,000 போட்டு இன்னொருவருடைய சரக்கை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மொத்தம் 96,000. அதில் ஒரு பங்கு தங்கச்சி மகளின் காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

வாடகை எவ்வளவு என்று கேட்கும்போது நாம் ஒரு விலையைக் கேட்கிறதாக நினைக்கிறோம். பேலன்ஸ் வைத்து லோடு எடுக்கிற ஒவ்வொரு லாரிக்காரரும் அந்தப் புரோக்கருக்கு வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், பத்திரம் இல்லாமல் கடன் கொடுக்கிறார். 30,000 ரூபாய் கைமாற்று கேட்டு ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வந்தால், யார் மகன், எந்த ஊர், ஏற்கெனவே யாரிடம் வாங்கியிருக்கிறார் என்று அண்ணன் நாலு பேரிடம் விசாரிப்பார். இந்த ஆளுக்கு அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

மேஜையில் 25 நிமிடம்

பில்ட்டிகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் பில்ட்டியின் தலைப்பில் நீல எழுத்தில் நிறுவனத்தின் பெயர், முடிவில் "பிரைவேட் லிமிடெட்". அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஜி.எஸ்.டி. எண்.

ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 இடம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து இடமும் அந்த ஆளுடைய பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லும். கம்பெனி என்றால் 'சி', கூட்டு நிறுவனம் என்றால் 'எஃப்', தனி ஆள் என்றால் 'பி' (P). அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது இடத்தைப் பார்த்தால் போதும்.

நான் பேனா முனையால் எண்ணிக்கொண்டே போனேன். தொடக்கம் 29. ஆறாவது இடத்தில் 'பி'.

அண்ணனிடம் காட்டினேன். "தலைப்புல பிரைவேட் லிமிடெட்னு போட்டிருக்கு. நம்பர் ஒரு தனி ஆளுடையது. கர்நாடகத்துல பதிஞ்சிருக்கு." அவர் பில்ட்டியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த பில்ட்டியை எடுத்தார். அதிலும் அதேதான். பத்தொன்பதையும் பார்த்தார்.

போனில் ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்து அந்த எண்ணைப் போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின் வேண்டாம். சட்டப்படியான பெயர் என்ற இடத்தில் வந்தது, ஆபீசில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் இல்லை. பதிவு செய்த தேதி 2023 பிப்ரவரி. அண்ணனுடைய முதல் லோடு மே முதல் வாரம். மூன்று மாதக் குழந்தை. ரிட்டர்ன் தாக்கல் விவரம் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தொட்டால் எந்த மாதம் கட்டினார்கள், எந்த மாதம் விட்டார்கள் என்று பட்டியல் வரும். மார்ச்சோடு நின்றிருந்தது.

இங்கே ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. இல்லை என்பதற்காக ஒரு சின்ன புக்கிங் ஆபீசைத் தள்ளிவிட முடியாது. லாரி வாடகைக்கான வரியை வாடகை தருகிறவரே கட்டும் முறையில் மட்டும் தொழில் செய்கிற டிரான்ஸ்போர்ட்டுக்குப் பதிவே கட்டாயமில்லை. பழைய ஆபீஸ்கள் சில அப்படித்தான் நேர்மையாக நடக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பது இயல்பு. இங்கே தப்பாகப் பட்டது வேறு. பில்ட்டி சொல்கிற ஆளும், எண் சொல்கிற ஆளும், எதிரில் உட்கார்ந்து பேசிய ஆளும் மூன்று பேர்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த பிரைவேட் லிமிடெட் பெயரைத் தேடினேன். அப்படி ஒரு கம்பெனியே இல்லை.

அப்புறம் ஈகோர்ட்ஸ், வழக்குகளைத் தேடும் நீதிமன்றத் தளம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், வருடம் கொடுத்து ஆள் பெயரால் தேடலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் கிடைத்த பெயரைப் போட்டேன். 2021இல் இரண்டு செக் மோசடி வழக்குகள், இரண்டிலும் எதிரி இவர். ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. ஒரு வழக்கின் உத்தரவைத் திறந்தபோது அதிலிருந்த முகவரியும் ஜி.எஸ்.டி. பதிவிலிருந்த முகவரியும் ஒன்றாக இருந்தன.

பாஸ்புக்கை அண்ணனே புரட்டினார். அட்வான்ஸ் வந்த வரிகளுக்கு நேராகப் பெயர் பார்த்தால் நான்கு வேறு வேறு ஆட்கள். ஒன்று ஏதோ மொபைல் கடை. அப்போதே கேட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் வந்தபோது யார் பெயரைப் பார்ப்பார்கள்.

கடைசியாக டி.டி.எஸ்., அதாவது பணம் தருகிறவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. பணம் வந்த ஒன்பது நடையிலும் 520 ரூபாய் பிடித்திருந்தார்கள், வாடகையில் ஒரு சதவீதம். பத்து வண்டி வரை வைத்திருக்கிற லாரி ஓனர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி வாடகையில் வரி பிடிக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கு மூன்று வண்டி, உறுதிமொழி கொடுத்திருக்கிறார். பிடித்தது அரசுக்குப் போயிருக்கிறதா என்றால் அவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் ஒன்றும் இல்லை. மூன்று மாதக் கணக்கு ஆகஸ்டில்தான் ஏறும் என்பதால் மே மாதமே இது தெரிந்திருக்காது. ஆனால் பிடித்த அன்றே "உங்க டான் நம்பர் என்ன" என்று, வரி பிடிக்கிறவருக்கான எண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

எல்லாம் சேர்த்து 25 நிமிடம். ஒரு பைசா செலவில்லை.

52,000 எப்படி வந்தது

மறுநாள் மின்னணு வழிச்சீட்டுகளை (இ-வே பில்) எடுத்துப் பார்த்தேன். அதில் டிரான்ஸ்போர்ட்டர் என்ற இடத்தில் பெங்களூரிலுள்ள ஒரு வேறு நிறுவனம் இருந்தது. அதாவது கூழ் ஆலை பெங்களூர் டிரான்ஸ்போர்ட்டுக்கு லோடு கொடுத்திருக்கிறது, அவர்கள் இந்த ஆபீசுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், இந்த ஆபீஸ் அண்ணன் வண்டியைப் பிடித்திருக்கிறது. "நடுவுல யாரும் கிடையாது" என்றவரே நடுவில் இருந்தவர். வழிச்சீட்டு ஒவ்வொரு நடையிலும் டிரைவர் கையில்தான் இருந்தது.

அண்ணனும் நானும் பெங்களூர் போனோம். அங்கிருந்த மேலாளர் மரியாதையாகப் பேசினார், கணக்கையும் காட்டினார். அவர்கள் இந்த ஆளுக்குக் கொடுத்த வாடகை லோடுக்கு 51,000.

அண்ணன் இரண்டாவது முறை கேட்டார். 51,000தான்.

அங்கே 51,000 வாங்கிக்கொண்டு அண்ணனுக்கு 52,000 பேசியிருக்கிறார். ஒவ்வொரு லோடிலும் நஷ்டம். பெங்களூர் கம்பெனி பாதியை, 25,500 ரூபாயை, வண்டி கிளம்பியதும் கொடுத்துவிடும். மீதி, பில்ட்டியில் சரக்கு இறக்கிய கையெழுத்தும் சீலும் வந்து 45 நாள் கழித்து. முதல் ஆறு நடையில் அவர் 40,000 அட்வான்ஸ் கொடுத்தபோது லோடுக்கு 14,500 தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். கடைசி எட்டு நடையில் 22,000 கொடுத்தபோது, வாங்கியதில் 3,500 அன்றைக்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் பார்த்த பிறகு அந்த ஆள் ஏமாற்ற வேண்டும் என்றே கடை திறந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. மார்க்கெட்டை விட அதிகம் கொடுத்து வண்டிகளைச் சேர்க்கலாம், நிறைய லோடு ஓட்டினால் பிறகு பேசி ரேட்டைச் சரிசெய்யலாம் என்று நினைத்திருப்பார். கையிருப்பு ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். அதன் பிறகு புது வண்டியின் பேலன்சை நிறுத்தி பழைய வண்டிக்குக் கொடுத்திருக்கிறார். அப்படி எத்தனை நாள் ஓடும்? சீசன் ஓடுகிற வரைக்கும் ஓடும். ஜூலையில் மாங்காய் குறைந்தது, லோடு குறைந்தது, ஆபீஸ் பூட்டிக்கொண்டது. ஆனால் அட்வான்சில் 3,500 எடுத்த நாளிலிருந்து அவருக்கு நிலைமை தெரியும். தெரிந்தும் எட்டு வண்டி ஏற்றினார். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

பெங்களூர் மேலாளரிடம் இன்னொன்றும் தெரிந்தது. கடைசி மூன்று நடைக்கு இறக்கிய பில்ட்டி அசல் அவர்களுக்கு வந்து சேரவில்லை, அதனால் ஆலைக்கு பில் போட முடியாமல் நிற்கிறார்கள். அண்ணன் அங்கிருந்தே டிரைவருக்குப் போன் செய்தார். "ஓனர், கொரியர்ல போட மறந்துட்டேன், வண்டியிலதான் இருக்கு" என்றார் அவர். ஸ்டியரிங்குக்கு மேலே முருகர் படத்துக்குப் பின்னால், மூன்று பில்ட்டியும் சீலோடு மடித்து வைக்கப்பட்டிருந்தன. டீக்கறை படிந்த அந்த மூன்று தாள்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி. அசலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெங்களூர் நிறுவனம் தாங்கள் அந்தப் புரோக்கருக்குத் தர வேண்டியிருந்த 25,500 வீதம் மூன்றுக்கு 76,500 ரூபாயை, எழுத்தில் வாங்கிக்கொண்டு, அண்ணன் கணக்கில் நேராகப் போட்டது. லோடுக்கு 30,000 கேட்டோம். அவர்கள் பாக்கி வைத்திருந்ததே 25,500 என்றபோது மேலே கேட்க நியாயம் இல்லை. மற்ற லோடுகளுக்கு அசல் பில்ட்டி எப்போதோ புரோக்கர் கைக்குப் போய்விட்டது, அவர் அதைக் காட்டிப் பணமும் வாங்கிவிட்டார்.

மீதி 2,03,500. கூடுதல் வாடகையாக உண்மையில் கைக்கு வந்தது என்ன என்றும் கணக்குப் போட்டேன். ஒன்பது நடை, நாலாயிரம் வீதம் 36,000. டி.டி.எஸ். என்று பிடித்த 4,680 போக 31,320.

செக் கதை சுருக்கமானது. ஜூலைக் கடைசியில் ஒரு லட்சத்துக்குக் கொடுத்தார், பணமில்லை என்று திரும்பியது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்த நாள் கணக்கு தவறினால் வலுவான வழக்கும் போய்விடும். 2015 திருத்தத்துக்குப் பிறகு செக்கை வாங்கியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையிலுள்ள நீதிமன்றத்தில்தான் வழக்கு. அதனால் அண்ணன் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலேயே நடக்கிறது.

வண்டியை வழியில் நிறுத்தி, பணம் வந்தால்தான் சரக்கை இறக்குவோம் என்று சொல்லியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சரக்கு ஆலையுடையது, ஆலைக்கும் அண்ணனுக்கும் நேர்ப் பேச்சே இல்லை. சரக்கைப் பிடித்து வைத்தால் நம்பிக்கை மோசடி என்று புகார் வரும், டிரைவர் வெளியூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். பணம் வராதது ஓனருடைய கஷ்டம், அதற்கு டிரைவரை முன்னால் தள்ளக்கூடாது.

ராத்திரி ஷிப்டில் கேட்டது

என் அக்கா மகன் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனிக்கு ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான். அமெரிக்க லாரிக்காரர்களுக்கு இங்கிருந்து லோடு தேடிக் கொடுக்கிற வேலை. அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "மாமா, எம்.சி. நம்பர் பாக்காம நாங்க ஒரு லோடும் எடுக்க மாட்டோமே."

அங்கே சரக்குப் புரோக்கராக இருக்க வேண்டுமென்றால் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அமைப்பின் உரிமம் வேண்டும், எம்.சி. நம்பர் என்பது அதன் எண். அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். கூடவே 75,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமோ வைப்பு நிதியோ காட்ட வேண்டும். 2013 அக்டோபர் வரைக்கும் அது 10,000 டாலர்தான். புரோக்கர் பணம் தராவிட்டால் லாரிக்காரர் அந்த ஜாமீன் மேல் கோரலாம். அதோடு, லாரிக்காரரின் பில்லை வாங்கிக்கொண்டு முன்பணம் தருகிற ஃபேக்டரிங் கம்பெனிகள் அங்கே நிறைய. எந்தப் புரோக்கர் எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன புரோக்கரின் லோடை இவர்கள் தொடுவதில்லை. அங்கேயும் ஏமாற்று உண்டு, ஒரே லோடை கை மாற்றிக் கை மாற்றி விற்பதும் உண்டு என்றான். புரோக்கர் பலருக்குப் பாக்கி வைத்து விழுந்தால் அந்த 75,000ஐ எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்தது, 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பில்ட்டி போட்டுச் சரக்கு எடுக்கிற புக்கிங் கம்பெனி, ஏஜெண்ட், புரோக்கர் எல்லோரும் அதன்படி காமன் கேரியர். போக்குவரத்துத் துறையிடம் பதிவு வாங்கியிருக்க வேண்டும், பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவும் சரக்கு ஏஜெண்டுக்கு உரிமம் வேண்டும் என்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எத்தனை லாரிக்காரர்கள் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்? எனக்குத் தெரிந்த யாரும் கேட்டதில்லை. அதோடு, அமெரிக்காவில் இருக்கிற அந்த ஜாமீன் பணம் இங்கே கிடையாது.

இப்போது எப்படி எடுக்கிறார்

2024 சீசனிலிருந்து அண்ணன் வண்டி புது ஆபீசுக்குப் போகும் முன் பில்ட்டியின் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். ஆறாவது எழுத்து, பதிவுத் தேதி, பெயர், ரிட்டர்ன், ஈகோர்ட்ஸ் எல்லாம் பார்த்துச் சொல்கிறேன். காமன் கேரியர் சான்றும் கேட்கிறோம். அதை எடுத்துக் கொடுத்த ஆபீஸ்கள் இரண்டுதான். இல்லாதவர்களை எல்லாம் ஒதுக்கினால் வண்டி நிற்கும், அதனால் இல்லாத இடத்தில் அட்வான்சைக் கூட்டிக் கேட்கிறார்.

புது ஆள் என்றால் முதல் லோடுக்கு 90 சதவீதம் அட்வான்ஸ். எவ்வளவு நல்ல ஆபீசானாலும் ஒரு சமயத்தில் ஒருவரிடம் 40,000க்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டோம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்றால், அது போனால் ஒரு வண்டியின் ஒரு மாதத் தவணைதான் தவறும், மூன்றும் சாயாது. என் மனதில் இந்தக் கோடுதான் மற்ற எல்லாப் பரிசோதனையையும் விடப் பெரியது. தளத்தில் எல்லாம் பச்சையாகத் தெரிகிற ஆளும் நாளைக்கு நொடிக்கலாம். ஆலை பணம் தராமல் 60 நாள் இழுத்தால் நேர்மையான புரோக்கரும் தவிப்பார்.

வண்டி ஏற்றுமுன் வாடகை, அட்வான்ஸ், பேலன்ஸ் எத்தனை நாள், ஹால்டிங் ஒரு நாளைக்கு எவ்வளவு, இறக்குகூலி யாருடையது என்று நாலு வரி வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறார். சரக்கு இறங்கியதும் பில்ட்டியின் படம் அனுப்புவார். அசல், பேலன்ஸ் ஏறிய பிறகு. சில ஆபீஸ்கள் ஒத்துக்கொள்வதில்லை, அவர்களிடம் கொரியர் பிடித்த ரசீதாவது எடுத்து வைக்கிறார்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்துவிட்டோம். ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. சிறு தொழில் சட்டத்தின்படி பணம் தர வேண்டியவர்களுக்கு அதிகபட்சம் 45 நாள் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, வசூலுக்கு வசதி மன்றத்தில் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) மனு போடலாம். லோடு எடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பது நல்லது. அந்த 19 நடைக்கும் அண்ணனிடம் பதிவு இல்லை.

போனில் தெரியாத ஒன்று டீசல் பங்கில் தெரியும். இதை மிகவும் பிந்தித் தெரிந்துகொண்டோம். அந்த ஆபீசின் பெயரில் டீசல் போட்டுக் கணக்கு எழுதி வந்த பங்கில், ஜூன் மூன்றாவது வாரமே "இனிமே கேஷ் குடுத்தாதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனின் டிரைவர் ஒருவர் அன்று அங்கே நின்றிருந்தார். கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அண்ணன் ஏற்றிய லோடு ஐந்து. இப்போது டிரைவர்கள் வீடு திரும்பியதும் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து, எந்த ஆபீஸ் எப்படிப் பேசுகிறது, எங்கே கடன் நிறுத்தினார்கள், எந்த வண்டிக்காரர் சண்டை போட்டார் என்று அண்ணனே கேட்கிறார்.

செக் வழக்கு வாய்தாவில் போகிறது. முதல் வாய்தா அன்றைக்கு நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் இன்னும் இரண்டு லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள், ஒருவர் பர்கூர், இன்னொருவர் காரிமங்கலம். அதே ஆள் மேல் அதே மாதிரி வழக்கு. மூவரும் பாஸ்புக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூவருக்கும் அட்வான்ஸ் 32,000 ஆனது ஒரே வாரத்தில். 22,000 ஆனதும் ஒரே வாரத்தில். பர்கூர்க்காரர் அப்போதே சந்தேகப்பட்டு வண்டியை நிறுத்திவிட்டாராம், அவருக்குப் போனது 50,000தான்.

அன்றைக்கு மூன்று பேராக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது 41 வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். குட் மார்னிங் போடக்கூடாது, யாரையும் திட்டக்கூடாது, பேலன்ஸ் வந்த நாளை மட்டும் எழுத வேண்டும் என்பது அண்ணன் வைத்த கட்டுப்பாடு. நேற்று ராத்திரி பத்தரைக்கு வந்தது இது: "ராயக்கோட்டை ரோடு ஆபீஸ். புனே. பேலன்ஸ் 11ஆம் நாள் ஏறிச்சு. டி.டி.எஸ். பிடிக்கலை. போன தடவை 8 நாள்."

அதற்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "8, 11. அடுத்த தடவையும் நாளை எழுதுங்க."